பதினோரு மணி வெயில்

ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரையில் விடியற்காலை வாக்கிங் போகிறவர்களில் ரிட்டயர்டு தொழிற்சாலைக்காரர்கள் நிறைய. முன்பெல்லாம் சர்க்கரை, பிரஷர் என்று ஓடிய பேச்சில் இப்போது வைட்டமின் டியும் சேர்ந்துகொண்டது. யாருக்காவது ஸ்டென்ட் வைத்தார்கள் என்றால் அடுத்த கேள்வியே, “டி எவ்வளவு இருந்துச்சாம்?”

இளவெயில் பட்டால் டி ஏறிவிடும் என்பது அங்கே பலருடைய நம்பிக்கை. இதை ஆவடியைத் தாண்டிப் போகும் ரயில் பாதையிலேயே இருக்கிற திருப்பதியில் அளந்து பார்த்திருக்கிறார்கள். டாக்டர் ஹரிநாராயண் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, தோலில் வைட்டமின் டி நன்றாக உருவாவது காலை 11 முதல் பிற்பகல் 2 வரை. நம்மூரில் அந்த நேரத்தில் வெளியே நிற்பவரைக் கண்டால், “தலையில துண்டையாவது போடுய்யா” என்போம். அம்பத்தூர் எஸ்டேட்டில் அப்போது எல்லோரும் கூரைக்கடியில். கம்பெனி பஸ்ஸின் ஜன்னலோரம் வெயில் சுடும், ஆனால் டிக்குத் தேவையான புற ஊதா பி கதிரைக் கண்ணாடி உள்ளே விடாது.

சரி, இதயத்துக்கும் இதற்கும் என்ன? 2008-இல் அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஆய்வு 1,739 பேரைத் தொடர்ந்து பார்த்து, டி குறைந்தவர்களுக்கு இதயக் கோளாறு அதிகம் என்றது. சந்தேகம் அங்கேயே எழ வேண்டும். எடை கூடியவர், நோயில் படுத்தவர், வீட்டைவிட்டு நகராதவர் எல்லோருக்குமே டி குறைவாகத்தான் இருக்கும். இதயத்தைக் கெடுத்தது எது, டியா, அந்த வாழ்க்கையா? திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிறுவனத்தினரோ 2001-லேயே தங்கள் இதய நோயாளிகளிடம் டி கூடுதலாக இருந்ததாக எழுதியிருந்தார்கள்!

கொடுத்துப் பார்த்தால்தானே தெரியும். ‘வைட்டல்’ ஆய்வில் 25,871 அமெரிக்கர்களில் பாதிப் பேருக்குத் தினம் 2,000 யூனிட், மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை. ஐந்து வருடத்துக்கு மேல் கொடுத்து 2018-இல் கணக்கெடுத்தபோது, மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. நியூசிலாந்திலும் இதே கதை. 2023-இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு சுமார் 9 சதவீதம் குறைவு காட்டியது. தற்செயல் என்று ஒதுக்கிவிடக்கூடிய அளவுதான் அது.

இதனால் மருந்துக் கடையில் கிடைக்கும் 60,000 யூனிட் பாக்கெட் வீண் என்றாகாது. குறைபாடு உள்ளவரின் எலும்புக்கு அது அவசியம். வாரம் ஒன்று, குறிப்பிட்ட வாரங்கள் என்றுதான் டாக்டர் எழுதுவார். பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கிப் பாலில் கலக்கிக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும், சிறுநீரகம் அடிவாங்கும், இதயத் துடிப்பே தடுமாறலாம். வேடிக்கை என்னவென்றால், இந்தப் பாக்கெட்டை ஒரு ஞாயிறும் மறக்காத மனிதர் கொழுப்பு மாத்திரையை மட்டும், “இப்பத்தான் நல்லா இருக்கேனே” என்று தானாகவே நிறுத்தியிருப்பார்.