நாலு தடவை கீழே

வேர்டைத் திறக்கும்போது அப்பாவின் உதடு லேசாக அசையும். ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு. அப்புறம் என்டர். ரொம்ப நாள் நான் அதைக் கவனிக்கவே இல்லை.

அந்த மெனு நான் செய்தது. கல்லூரி மூன்றாம் வருடம், விண்டோஸின் ஸ்டார்ட் மெனு பிடிக்காமல் சொந்தமாக ஒன்று எழுதி, அதற்கு ஸ்கின் மாற்றும் வசதியும் வைத்தேன். ஸ்கின் என்றால் பெரிய விஷயமில்லை. ஓரத்துக்கு ஒரு படம், எதற்கு என்ன நிறம் என்று எண்கள் எழுதிய ஒரு கோப்பு. எங்கள் வீட்டுத் தேக்குக் கதவைப் படம் பிடித்து ஓரமாக வைத்தேன். எழுத்துக்குக் காப்பிக்கொட்டை நிறம். பின்னணியை மட்டும் சிஸ்டத்திடம் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தேன், தீம் மாறினால் மெனுவும் மாறட்டும் என்று. எழுத்தின் நிறத்தை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. வீட்டுக் கணினியிலும் போட்டேன். அப்பாவைக் கேட்கவில்லை.

அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கூட வேலை பார்த்தவர்களுக்கு பென்ஷன் மனு அடித்துக் கொடுப்பார். சர்க்கரை கண்ணைப் பிடித்த பிறகு, சாயங்காலமானால் இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், பிரின்ட் ஸ்க்ரீன் மூன்றையும் சேர்த்து அழுத்துவார். திரை முழுக்கக் கறுப்பாகி, எழுத்து வெள்ளையாகும். விண்டோஸில் ரொம்ப காலமாக இருக்கிற வசதி அது. கறுப்பாகச் சொன்னதும் என் மெனுவின் பின்னணி சமர்த்தாகக் கறுத்தது. எழுத்து மட்டும் காப்பிக்கொட்டையாகவே நின்றது.

ஒருநாள் புதிதாக ஒரு மென்பொருள் போட்டேன். வரிசை ஒன்று தள்ளிப்போய், வேர்டுக்குப் பதில் வேறு ஏதோ திறந்தது. அப்பா திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். மெனு இருக்கிறது, அதில் ஒன்றுமே இல்லை.

"எழுத்து தெரியலையாப்பா? எத்தனை நாளா?"

"தெரியலன்னா என்ன, நாலு தடவை கீழ வந்தா வேர்டு. நீ ஆசையா பண்ணது, அதான் சொல்லல."

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "கரும்பலகைல கரித்துண்டால எழுதின மாதிரி இருக்குடா."

அன்று ராத்திரி கோப்பைத் திறந்தேன். விண்டோஸ் நிறங்களுக்கு வேலையை வைத்துப் பெயர் கொடுத்திருக்கிறது. கெட்சிஸ்கலர் என்று கேட்டால், ஜன்னலின் நிறம், ஜன்னல் எழுத்தின் நிறம், தேர்ந்தெடுத்த வரியின் நிறம், அதன் மேல் வரும் எழுத்தின் நிறம் என்று ஜோடி ஜோடியாகத் தரும். ஜோடியில் ஒன்றை வாங்கிவிட்டு மற்றதை நம் இஷ்டத்துக்கு வைப்பதுதான் தப்பு. நான் அதைத்தான் செய்திருந்தேன். பலகையை வாங்கிக்கொண்டவன் சாக்பீஸையும் அங்கேயே வாங்கியிருக்க வேண்டும்.

அதோடு முடியவில்லை. அப்பா நடுவில்தான் நிறத்தை மாற்றுவார். திறக்கும்போது ஒருமுறை கேட்டுவைத்தால் பழைய நிறமே நிற்கும். நிறம் மாறியதும் விண்டோஸ் எல்லா ஜன்னலுக்கும் ஒரு சேதி அனுப்புகிறது. அதைக் கேட்டதும் மறுபடி வரையவேண்டும். பிறகு என் மடிக்கணினியில் டார்க் மோட் போட்டுப் பார்த்தேன். மெனு வெள்ளையாகவே இருந்தது. விண்டோஸ் 10-இன் டார்க் மோட் இந்தப் பழைய நிறப்பட்டியலைத் தொடுவதே இல்லை. அது ரெஜிஸ்ட்ரியில் வேறொரு மதிப்பாக இருக்கிறது. 'சிஸ்டத்தின் நிறம்' என்று நான் ஒன்றாக நினைத்தது ஒன்றல்ல. எனவே முதலில் ஹை கான்ட்ராஸ்ட் இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் என் நிறம், என் படம் எல்லாம் ஒதுங்கிக்கொள்ளும். இல்லையென்றால் டார்க்கா லைட்டா என்று பார்த்து, இரண்டுக்கும் தனித்தனி ஜோடி.

விடியும்போது கோப்பில் காப்பிக்கொட்டை நிறம் ஒரே இடத்தில்தான் மிச்சம் இருந்தது, லைட் தீமில்.

மறுநாள் சாயங்காலம் அப்பா மூன்று விசைகளை அழுத்தினார். மெனுவைத் திறந்தார். கறுப்பில் வெள்ளையாகப் பெயர்கள்.

"கதவுப் படம் எங்கடா?"

"இந்த நிறத்துல வராதுப்பா. காலைல இருக்கும்."

"ம்" என்றார். கீழ்நோக்கிய விசையை அழுத்த ஆரம்பித்தார். உதடு அசைந்தது. ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு. அஞ்சாவதில் நின்று, திரைக்குக் கிட்டப் போய் ஒருமுறை வாசித்துவிட்டு, என்டர் தட்டினார்.