சேர்க்கை சரியில்லாத சொல்

எங்கள் வயதுக்காரர்கள் பலர் 'அட்டர்லி' என்ற ஆங்கிலச் சொல்லை முதன்முதலில் பார்த்தது ஒரு விளம்பரப் பலகையிலாகத்தான் இருக்கும். புள்ளி போட்ட கவுன், நீலத் தலைமுடி, கையில் வெண்ணெய் தடவிய ரொட்டியோடு ஒரு குட்டிப் பெண். பக்கத்தில் 'அட்டர்லி பட்டர்லி டெலிஷஸ்' என்று எழுதியிருக்கும். 1966-இல் பம்பாயில் சில்வெஸ்டர் டகூன்யா என்ற விளம்பரக்காரரும் யூஸ்டஸ் ஃபெர்னாண்டஸ் என்ற ஓவியரும் சேர்ந்து அமுல் வெண்ணெய்க்காக அந்தப் பெண்ணைப் படைத்தார்கள். 'பட்டர்லி' என்பது டகூன்யாவின் மனைவி நிஷா போட்ட தாளிப்பு என்பார்கள். ஆங்கிலத்தில் அப்படி ஒரு சொல் கிடையாது. ஆனால் காதுக்கு அது இருந்தது. மும்பையிலும் சென்னையிலும் அந்த வாசகத்தைப் படித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு 'அட்டர்லி' என்றாலே நாக்கில் உப்பு வெண்ணெய் தட்டும்.

பிறகு ஆங்கில நாவல்களும் செய்தித்தாள்களும் படிக்கத் தொடங்கியபோதுதான் அந்தச் சொல்லின் மற்ற சகவாசமெல்லாம் தெரியவந்தது. அட்டர்லி ரூயின்ட். அட்டர்லி ஹோப்லெஸ். அட்டர்லி எக்ஸாஸ்டட். அட்டர்லி ரிடிகுலஸ். நொடித்துப் போனவன், கைவிட்டுவிட வேண்டிய கேஸ், அடித்துப் போட்டதுபோல் கிடப்பவன், கேலிக்கூத்து. போகிற இடமெல்லாம் இப்படிப்பட்டவர்களோடுதான் அது நிற்கிறது. அகராதியில் பார்த்தால் முழுவதும், முற்றிலும், அடியோடு என்று சாதுவாக மூன்று பொருள். வேரைத் தோண்டினாலும் குறை சொல்ல எதுவும் அகப்படாது. பழைய ஆங்கிலத்தில் 'வெளியே' என்ற சொல்லிலிருந்து பிறந்தது. 'இன்னும் வெளியே', அதாவது கடைசி எல்லை வரை என்பது அதன் ஆதிப்பொருள். அந்த எல்லை நல்ல பக்கமா கெட்ட பக்கமா என்று வேர் பேசவில்லை. நல்ல குடும்பத்துப் பையன்தான், சேர்க்கைதான் சரியில்லை என்று தெருவில் பெரியவர்கள் சொல்வார்களே, அந்த மாதிரி.

சொல்லைச் சேர்க்கையை வைத்து எடைபோட வேண்டும் என்பதை மொழியியலில் ஒரு கொள்கையாகவே முன்வைத்தவர் ஜே.ஆர். ஃபர்த். ஒரு சொல்லின் பொருளில் ஒரு பங்கு, அது வழக்கமாக எந்தச் சொற்களோடு வருகிறது என்பதிலேயே இருக்கிறது என்று 1951-இல் எழுதினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது 'ஆஸ்', அதாவது கழுதை. ஒருவரை அப்படித் திட்டும்போது அதன் முன்னால் 'சில்லி' வரும், 'ஆப்ஸ்டினேட்' வரும், 'ஸ்டுப்பிட்' வரும்; வந்தால் இன்னும் ஓரிரண்டு. அவ்வளவுதான் அதன் உறவுக்கூட்டம். ஃபர்த் 1920-களில் லாகூரில், பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். ஆர்டனின் தமிழ் இலக்கண நூலுக்குப் பின்னிணைப்பாக, தமிழ் ஒலிப்பைப் பற்றி 1934-இல் ஒரு சிறு விளக்கம் எழுதியவரும் அவரே. நம்முடைய ல, ள, ழ மூன்றையும் காது கொடுத்துக் கேட்ட வெள்ளைக்காரர் என்பதால் எனக்கு அவர்மேல் கொஞ்சம் கூடுதல் பிரியம்.

ஆனால் ஃபர்த்துக்கு முன்பே இந்த வேலையில் கைவைத்தவர்கள் தோக்கியோவில் இருந்தார்கள். ஹெரால்டு பால்மர் 1922-இல் ஜப்பானுக்குப் போய், அடுத்த ஆண்டே ஆங்கிலம் கற்பிப்பது பற்றிய ஆராய்ச்சிக்கென்று ஒரு நிறுவனத்தின் தலைவரானார். ஆங்கிலத்தில் எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்று அவர் திரட்டிய அறிக்கை 1933-இல் வந்தது. அவரோடு உழைத்த ஏ.எஸ். ஹார்ன்பி, ஜப்பானிய மாணவர்களை மனத்தில் வைத்து ஓர் அகராதி தொகுத்தார். 1942-இல், போருக்கு நடுவே, அது தோக்கியோவில் அச்சானது. அதையே 1948-இல் ஆக்ஸ்ஃபர்டு வாங்கி வெளியிட்டது. இன்று நம் கல்லூரி நூலகங்களில் அட்டை கிழிந்து கிடக்கும் ஆக்ஸ்ஃபர்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி அதன் வாரிசு. இந்த வேலை லண்டனில் தொடங்காமல் தோக்கியோவில் தொடங்கியது தற்செயல் இல்லை என்றே நினைக்கிறேன். லண்டன்காரனுக்கு எந்தச் சொல் எதோடு சேரும் என்பது கேள்வியே இல்லை. வாயைத் திறந்தால் சரியாக வந்துவிடுகிறது. ஜப்பான் மாணவன் ஒவ்வொரு வாக்கியத்திலும் தடுக்கி விழுகிறான். எங்கே தடுக்குகிறது என்று பார்க்கப் போன வாத்தியார்தான் கல் இருப்பதைக் கண்டுபிடித்தார்.

வாயில் சரியாக வந்துவிடுகிறது என்பதற்கு ஒரு பழைய சோதனையே உண்டு. சிட்னி கிரீன்பாம் என்ற மொழியியலாளர் ஆங்கிலேயர்களிடம் 'ஐ என்டயர்லி' என்று வாக்கியத்தைத் தொடங்கிக் கொடுத்து, மீதியை நிரப்பச் சொன்னார். பெரும்பாலோர் எழுதியது 'அக்ரீ'. 'ஐ பேட்லி' என்று கொடுத்தால் தேவைப்படுகிறது, வேண்டும் என்கிற வினைகள் வந்தன. 1970-இல் இதைப் புத்தகமாகவே எழுதினார். 'பேட்லி' விஷயம் சுவாரசியமானது. அதன் வயிற்றில் 'கெட்ட' என்ற பொருள் இருக்கிறது. ஆனால் 'நீட்' பக்கத்தில் போய் நின்றவுடன் கெட்டதெல்லாம் கரைந்து, வெறும் அவசரமும் ஏக்கமும் மிஞ்சுகின்றன. கூடா நட்புக்கு மட்டுமல்ல, நல்ல சகவாசத்துக்கும் சொற்கள் மசியும்.

'அட்டர்லி'யின் ஜாதகத்தை முழுதாகக் கணித்தவர் பில் லோ. ஜிம்பாப்வே பல்கலைக்கழகத்தில் இருந்தவர். அந்தக் கணிப்புக்குக் கைகொடுத்தது, பர்மிங்ஹாமில் ஜான் சிங்க்ளேர் தலைமையில் நடந்த கோபில்ட் என்ற அகராதித் திட்டம். லட்சக்கணக்கான வாக்கியங்களைக் கணினியில் ஏற்றி, மக்கள் உண்மையில் எழுதியதையும் பேசியதையும் வைத்து 1987-இல் ஓர் அகராதி கொண்டுவந்தார்கள். அந்தக் கணினியிடம் ஒரு சொல்லைக் கேட்டால், அது வரும் வாக்கியங்களையெல்லாம் வரிவரியாக அடுக்கித் தரும். கேட்ட சொல் தாளின் நடுவில் செங்குத்தாக ஒரே நேர்க்கோட்டில் இறங்கும். இருபுறமும் அதன் அக்கம்பக்கத்தார். புத்தகத்தில் ஐம்பது பக்கத்துக்கு ஒருமுறை எதிர்ப்படும் சொல்லை இப்படி ஒரே தாளில் நாற்பது ஐம்பது முறை பார்ப்பது வேறு அனுபவம். 'அட்டர்லி'க்கு வலப்பக்கம் வந்து நின்றதெல்லாம் குழப்பம், அழிவு, முட்டாள்தனம், அர்த்தமின்மை. நல்ல சொற்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான். லோ இதை 'செமான்டிக் புரொசடி' என்ற பெயரில் 1993-இல் எழுதினார். ஓர் ஒலியின் சாயல் அடுத்தடுத்த ஒலிகள் மேலும் படர்வதை ஃபர்த் 'புரொசடி' என்றார். நல்லதும் கெட்டதும் அப்படியே சொல்லிலிருந்து சொல்லுக்குப் படர்கிறது என்பது லோவின் வாதம்.

அதற்கு அவர் காட்டிய இடங்களில் ஒன்று பிலிப் லார்கினின் 'ஃபர்ஸ்ட் சைட்' கவிதை. பனிக்காலத்தில் பிறந்த ஆட்டுக்குட்டிகள். பிறந்ததிலிருந்து அவை பார்த்ததெல்லாம் வெள்ளைப் பனிதான். இன்னும் சில நாளில் தரை விழித்துக்கொள்ளப் போகிறது, அது இந்தப் பனியைப்போல் இருக்காது என்று கவிதை முடிகிறது. படிப்பவர் வசந்தம் வருகிறது என்று மகிழலாம். ஆனால் அந்த வேற்றுமையைச் சொல்ல லார்கின் கடைசி வரியில் எடுத்துக்கொண்ட சொல் 'அட்டர்லி'. மகிழ்ச்சிக்குள் ஒரு கரிய நூல் ஓடுகிறது. ஆட்டுக்குட்டிகளுக்கு வசந்தத்துக்குப் பின் என்ன காத்திருக்கிறது என்பது நமக்குத் தெரியும், அவற்றுக்குத் தெரியாது. இந்த விளக்கத்தைப் படித்த பிறகு என்னால் அந்தக் கவிதையைப் பழையபடி படிக்க முடியவில்லை.

லோ அதோடு நிறுத்தவில்லை. ஒரு சொல்லை அதன் வழக்கமான சேர்க்கைக்கு மாறாக ஒருவர் வேண்டுமென்றே பயன்படுத்தினால் அது எள்ளல். தெரியாமல் பயன்படுத்தினால் அவர் மனத்தில் ஒன்று வைத்துக்கொண்டு வெளியே வேறொன்று பேசுகிறார் என்றார். சொற்சேர்க்கையை வைத்துப் போலிப் பேச்சைப் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை. இங்கேதான் நான் அவரோடு மல்லுக்கட்டுவேன். இந்தக் கணக்குப்படி, வெண்ணெய்ப் பலகையில் ஆங்கிலம் படித்த நாங்கள் எல்லோருமே சந்தேகப் பட்டியலில் ஏறிவிடுவோம். நன்றிக் கடிதத்தில் 'அட்டர்லி கிரேட்ஃபுல்' என்று எழுதும் திருநெல்வேலிப் பையனுக்கு உள்ளொன்று புறமொன்று கிடையாது. அவன் அந்தச் சொல்லைச் சந்தித்த வீடு வேறு. ஆங்கிலேயன் அதைச் சாவு வீட்டில் சந்தித்தான் என்றால் இவன் காலைப் பலகாரத்தில் சந்தித்தான். ஒரு மொழிக்கு ஒரே ஒரு ஊர் இருந்த காலத்தில் லோவின் பரிசோதனை செல்லுபடியாகியிருக்கலாம். ஆங்கிலத்துக்கு இன்று எத்தனை ஊர்!

'கைண்ட்லி'யைப் பாருங்கள். நம் அலுவலகங்களில் அது இல்லாமல் ஒரு விண்ணப்பம் நகராது. கைண்ட்லி கிராண்ட் மீ லீவ். கைண்ட்லி டு தி நீட்ஃபுல். எங்களுக்கு அது கைகட்டி நிற்கும் சொல். பிரிட்டனில் இப்போது அதே சொல் கட்டளையோடு சேரும்போது பெரும்பாலும் பல்லைக் கடித்துக்கொண்டு வருகிறது. 'கொஞ்சம் காலை எடுக்கிறீங்களா' என்று பஸ்ஸில் ஒருவர் குரலை இழுத்துக் கேட்டால் எப்படி இருக்குமோ அப்படி. நம் கடிதம் கிடைத்த அந்நாட்டு அதிகாரி, இந்த ஆள் ஏன் கோபப்படுகிறார் என்று யோசித்திருக்கக்கூடும். 'பெர்ஃபெக்ட்லி'யும் சாதுபோல் தோன்றும் ஒரு வம்புக்காரன். பெர்ஃபெக்ட்லி நார்மல், பெர்ஃபெக்ட்லி ஹாப்பி என்று நல்லவர்களோடுதான் போகும். ஆனால் ஒருவர் 'அது பெர்ஃபெக்ட்லி குட் நாற்காலி' என்றால் நாற்காலியைப் புகழ்கிறார் என்று எண்ணிவிடக் கூடாது. யாரோ அதைத் தூக்கி எறியப் போகிறார்கள், இவருக்கு வயிறு எரிகிறது.

தமிழ் படித்தவர்களுக்கு இதெல்லாம் அறவே புதிது என்று சொல்ல மாட்டேன். சோறு உண்டான், பால் பருகினான், முறுக்குத் தின்றான் என்று மரபுப் பாடத்தில் மனப்பாடம் செய்தது இதைத்தான். மிகுதியைக் காட்ட உறு, தவ, நனி என்று மூன்று உரிச்சொற்களைத் தொல்காப்பியர் ஒரே வரிசையில் வைத்தார். நன்னூலார் சால, கூர், கழி என்ற மூன்றைச் சேர்த்து ஆறாக்கினார். இலக்கணத்தில் ஆறும் ஒரே பொருள். இன்றைய எழுத்தில் ஆளுக்கொரு வீட்டோடு ஒதுங்கிவிட்டன. 'உறு' துணையை விட்டு நகராது, உறுதுணை. 'சால' சிறப்பை விடாது, சாலச் சிறந்தது. 'கழி' பேருவகையோடு மட்டும், அதுவும் மேடையில் மட்டும். உறுசிறப்பு என்றோ கழிதுணை என்றோ யாராவது எழுதினால் இலக்கணப் பிழை என்று திருத்த முடியாது. ஆனாலும் பேனா அங்கே நிற்கும்.

'அட்டர்லி'க்குத் தமிழில் அசல் உடன்பிறப்பு தேடினால் எனக்கு அகப்படுவது 'கடைந்தெடுத்த'. தயிரைக் கடைந்து எடுப்பது வெண்ணெய். நியாயமாகப் பார்த்தால் உத்தமனுக்கும் ஞானிக்கும் போகவேண்டிய அடைமொழி. போனது அயோக்கியனுக்கு. கடைந்தெடுத்த அயோக்கியன், கடைந்தெடுத்த கோழை. அதன் பங்காளி 'வடிகட்டின' முட்டாளோடும் கஞ்சனோடும் குடும்பம் நடத்துகிறது. போதாக்குறைக்கு, வெண்ணெய் என்பதே ஒரு வசவாகிவிட்டது. பம்பாய் விளம்பரக்காரர் ஆங்கிலத்தில் சேர்த்து வைத்ததை நாம் தமிழில் எப்போதோ பிரித்துவிட்டோம்.

சேர்க்கை நிரந்தரமும் இல்லை. 'டெரிப்லி' ஒரு காலத்தில் அச்சத்தோடும் நடுக்கத்தோடும் மட்டும் திரிந்தது. இன்று டெரிப்லி கைண்ட், டெரிப்லி நைஸ் என்று தேநீர் மேசையில் உட்கார்ந்திருக்கிறது. 'ஆஃபுலி'யும் அப்படியே. 'அட்டர்லி'யும் அந்தப் பக்கம் காலெடுத்து வைத்திருக்கிறது. அட்டர்லி சார்மிங் என்பது இங்கிலாந்துச் சீமாட்டிகள் வாயில் வரக்கூடியதுதான். ஆலன் பார்டிங்டன் 2004-இல் இந்தச் சேர்க்கை விவகாரத்தை ஆராய்ந்து எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே 'அட்டர்லி கன்டென்ட்' என்று குறும்பாகப் போட்டார். நிறைந்த மனநிறைவு என்ற பொருளில், அந்தச் சொல்லை வேண்டுமென்றே தப்பான வீட்டில் குடிவைத்தார்.

மொழிபெயர்ப்புப் பழகும் ஓர் இளம்பெண் அவ்வப்போது தன் பக்கங்களை என்னிடம் காட்டுவாள். தமிழ்க் கதையொன்றை ஆங்கிலத்தில் பெயர்த்திருந்தாள். பேத்தி பிறந்த செய்தி கேட்ட பாட்டி 'அட்டர்லி ஹாப்பி' என்று அதில் இருந்தது. பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு, சிங்க்ளேர், லோ, லார்கின் எல்லோரையும் வரிசையாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"மூலத்துல என்ன இருக்குன்னு பாத்தீங்களா சார்?"

பார்த்தேன். 'பயங்கர சந்தோஷம்' என்று இருந்தது.

"பாட்டி சொல்றது உங்களுக்குச் சரியாப் படுதா?"

"பாட்டி அப்படித்தான்மா பேசுவாங்க."

"அப்போ இங்கிலீஷ்லயும் பாட்டி அப்படிப் பேசட்டுமே சார்."

ரப்பர் அவள் கையில்தான் இருந்தது.