63 டூடூ

வைவாவுக்கு 9 நாள் இருக்கும்போதுதான் எங்கள் புராஜெக்டில் எத்தனை 'டூடூ' கிடக்கிறது என்று எண்ணிப் பார்க்கத் தோன்றியது.

தெரியாதவர்களுக்காக: புரோகிராம் எழுதும்போது ஒரு விஷயத்தை அப்புறம் பார்த்துக்கலாம் என்று விட்டால், அந்த இடத்தில் டூடூ என்று ஆரம்பித்து ஒரு கமெண்ட் எழுதி வைப்போம். கம்ப்யூட்டர் அதைச் சட்டை செய்யாது. அப்புறம் நாமும்தான். ஜாவாவுக்காக சன் நிறுவனம் 1999-ல் வெளியிட்ட விதிமுறையில் இன்னும் இரண்டு குறிகள் உண்டு. தப்பு, ஆனால் ஓடுகிறது என்றால் மூன்று எக்ஸ். தப்பு, ஓடவும் இல்லை என்றால் ஃபிக்ஸ்மீ. எங்களுடைய ஹாஸ்டல் மெஸ் பில் மென்பொருள் மொத்தமுமே முதல் ரகம் :)

முதலில் கிரெப்பில் தேடினேன். 1970-களில் யுனிக்ஸுக்காக கென் தாம்சன் எழுதியது, இன்றும் தேடலுக்கு அதுதான். ஆளுக்கொரு மாதிரி எழுதியிருந்ததால் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காதே என்றேன். 'ஆட்டோடவுன்லோட்' என்ற ஃபங்ஷன் எல்லாம் வந்து விழுந்தது! ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள், நடுவில் டூடூ ஒளிந்திருக்கும். முழுச் சொல்லாகத் தேடச் சொன்னதும் அது ஒழிந்தது. ஆனால் திரையில் காட்டுகிற வாக்கியங்களில் இருந்த டூடூவும் சேர்ந்தே வந்தது.

சரி, நாமே எழுதுவோம் என்று பைத்தானில் உட்கார்ந்தேன். கமெண்டை மட்டும் பிடிக்க வேண்டும். இரண்டு சாய்கோடு வந்தால் கமெண்ட், அவ்வளவுதானே? இணைய முகவரியிலும் அதே இரண்டு கோடு இருக்கிறதே! மேற்கோள் குறிக்குள் இருக்கிறோமா, வெளியே இருக்கிறோமா என்று கணக்கு வைப்பதிலேயே ஒரு சாயங்காலம் போச்சு.

கடைசியில் 63 வந்தது. யார் எழுதியது, எப்போது என்று கிட் பிளேமிடம் கேட்டுப் பக்கத்தில் போட்டேன். கிட்டத்தட்ட எல்லாம் என் பெயர். எனக்கே நம்ப முடியவில்லை. அப்புறம் ஞாபகம் வந்தது. போன வருஷம் அழகாக்குகிறேன் பேர்வழி என்று எல்லா வரியையும் நாலு ஸ்பேஸ் தள்ளி வைத்தவன் நான். கடைசியாகத் தொட்டவன் பெயரைத்தான் பிளேம் சொல்லும். வெறும் இடைவெளி மாற்றத்தைக் கணக்கில் எடுக்காதே என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறது. அதைப் போட்டேன்.

பழைய 14 வரிகளில் அவன் பெயர் வந்தது.

அஞ்சாவது செமஸ்டரில் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய் படிப்பை நிறுத்திவிட்டு மொபைல் கடையில் வேலைக்குப் போனவன். ரிப்போர்ட் முதல் பக்கத்தில் அவன் பெயர் கிடையாது. 'லீவுக் கழிவு அதிகமானால் பாக்கி மைனஸில் போகும், பார்க்கணும்' என்று எழுதியிருந்தான். சோதித்துப் பார்த்தேன். போனது. அந்த மைனஸை எங்கள் புரோகிராம் அடுத்த மாத பில்லில் கடனாகக் கூட்டிக்கொண்டிருந்தது. லீவு போட்டவனுக்கு அபராதம்!

ராத்திரி கடை மூடும் நேரத்துக்கு போன் பண்ணினேன். "டேய், அதை இன்னுமா சரி பண்ணல?" என்று சிரித்தான். எப்படிச் சரி செய்ய நினைத்திருந்தான் என்று அரை மணி நேரம் சொன்னான். மறுநாள் மாற்றிவிட்டேன்.

இப்போது 41 இருக்கிறது. நன்றிப் பக்கத்தில் அவன் பெயரைச் சேர்த்துவிட்டோம். முதல் பக்கத்தில் போடலாமா என்று கைடிடம் திங்கட்கிழமை கேட்கணும்.