பொன் விளைந்த ஊர்

பாலாறு நந்தி மலைப் பகுதியிற் பிறந்து தமிழகத்தை நோக்கி வரும் வழியில், பேத்தமங்கலத்தில் ஏரியாகத் தேங்குகின்றது. அவ்வேரி நீரை உண்டு வளர்ந்தவன் யான். என் பாட்டனார் அவ்வாற்றின் கீழ்ப்பகுதியில், வட ஆர்க்காட்டுச் சிற்றூர் ஒன்றில் உழுதுண்டு வாழ்ந்தவர். மழை பொய்த்த ஆண்டொன்றில் அவர் மண்வெட்டியைத் தோளில் இட்டு, ஆற்றின் மேல்திசை நோக்கி நடந்தார். அவர் சென்று சேர்ந்த ஊரே கோலார் தங்கவயல்.

மாணவர்களே! அவ்வூர் கருநாடக மாநிலத்தில், பெங்களூருக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில் உள்ளது. அது மழை குறைந்த மேட்டுநிலம். கற்பாறையும் முட்புதரும் மிகுந்தது. ஏர் பிடிப்போர்க்கு உவந்த மண் அன்று. ஆயினும், கருநிறப் பாறைத்தொடர் ஒன்று அங்கே தென்வடலாக 80 கி.மீ. அளவு நீண்டு கிடக்கின்றது. அதனூடே வெண்ணிறப் படிகக்கல் வரிகள் மேற்கே சாய்ந்து ஆழத்துள் இறங்குகின்றன. அவ்வரிகளிலேதான் பொன் நுண்துகளாய் உறைந்து கிடந்தது.

அதனை அவ்வூரார் பண்டே அறிந்திருந்தனர். 1802-ஆம் ஆண்டில் நில அளவைக்கு வந்த வாரன் என்னும் படை அதிகாரி, மாரிக்குப்பத்து மக்கள் மண்ணைக் கழுவிப் பொன் எடுத்தலைக் கண்டு எழுதினார். 1870-களில் லவெல் என்னும் முன்னாட் போர்வீரர் சுரங்கம் தோண்ட மைசூர் அரசின் இசைவு பெற்றார். 1880-இல் ஜான் டெய்லர் குழுமத்தார் வந்தபின் தொழில் வளர்ந்தது. 1894-இல் புகைவண்டி வந்தது. 1902-இல் சிவசமுத்திரத்துக் காவிரி அருவியிலிருந்து 90 மைலுக்கு மேற்பட்ட தொலைவு மின்னாற்றல் கொணரப்பட்டது. அக்காலத்து உலகின் மிக நீண்ட மின்தடங்களுள் அஃது ஒன்று. காவிரியின் நீர் தமிழகத்து வயலுக்குச் சென்றது. அதன் ஆற்றலோ எங்கள் வயலுக்கு வந்தது!

எங்கள் வயலில் ஏர் இல்லை; உளியும் சம்மட்டியும் வெடிமருந்துமே உண்டு. சங்கு ஊதியதும் என் தந்தையார் இரும்புக் கூண்டில் ஏறிப் பாதாளம் புகுவார். இறுதியில் அச்சுரங்கங்களின் ஆழம் 3 கி.மீ.யையும் கடந்தது. ஆழம் மிகுந்தோறும் வெப்பமும் மிகும். படிகக்கல்லின் தூசு நெஞ்சில் தங்கி நோய் செய்யும்.

"நைனா, பொன் எப்படி இருக்கும்?" என்று சிறுவயதில் ஒருநாள் அவரை வினவினேன். அவர் நகைத்து, "நான் கண்டது வெள்ளைக் கல்தான், கண்ணு. கல்லை மேலே அனுப்புவது எங்கள் வேலை, பொன்னைப் பார்ப்பவர்கள் வேறு," என்றார்.

ஓரிரவு நிலம் அதிர்ந்தது. பரணிலிருந்த பானைகள் உருண்டு விழுந்தன. ஆழத்துப் பாறை அழுத்தம் தாங்காது வெடிக்குங்கால் அவ்வாறு நேரும். தந்தையார் அன்று கீழே இருந்தார். அன்னையார் என்னைக் கையிற் பிடித்துக்கொண்டு சுரங்க வாயிலுக்கு ஓடினார். தெருப்பெண்டிர் அனைவரும் அங்கே நின்றனர். ஒருவரும் வாய்திறந்து பேசவில்லை. விடியற்காலையில் கூண்டு மேலே வந்தது. தந்தையார் இறங்கினார். எதிர்வீட்டார் இறங்கவில்லை.

என் அன்னையார் மகிழ்ந்தார் என்று எண்ணுகின்றீர்களா? அவர் தந்தையாரை ஒருமுறை நோக்கினார்; பின்னர் எங்கள் வீட்டிற்கு வாராமல் எதிர்வீட்டிற்கே சென்றார். அன்றுமுதல் பல திங்கள் அவ்வீட்டு மக்களும் நாங்களும் ஓரடுப்பில் உண்டோம். இன்னாரைச் சேர்ந்தவர் என்று எவரும் கேட்கவில்லை. நான் கற்ற முதல் பாடம் அதுவே.

"நீ கீழே இறங்க வேண்டா" என்று கூறி, தந்தையார் என்னைப் புலவர் ஒருவரிடம் சேர்த்தார். அப்பெரியார் நன்னூல் தொடங்கிய அன்று கூறியது இன்றும் என் செவியில் உள்ளது. பவணந்தி முனிவரை அந்நூல் இயற்றுமாறு வேண்டியவன் சீயகங்கன். அவன் குவளாலபுரத் தலைவன் எனப் பெயர் பூண்டவன். குவளாலபுரம் என்பது எங்கள் அண்மையிலுள்ள கோலாரே! எழுத்தும் சொல்லும் எனக்கு அந்நியமல்ல என்று அன்று நெஞ்சு நிமிர்ந்தேன். இரவில் யான் நூற்பா ஓதுவேன். திண்ணையில் தந்தையார் இருமிக்கொண்டே கேட்பார். யான் ஆசிரியனாய்ப் பணியேற்கு முன்னரே அவ்விருமல் ஓய்ந்துவிட்டது.

பின்னர் ஊரும் ஓய்ந்தது. பொன் குறைந்தது, செலவு மிகுந்தது. 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் பொன் தந்த சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. பொன் பிரித்தபின் ஒதுக்கிய மண், சயனைடு மேடுகளாய்க் குன்றுபோல் நிற்கின்றது; கோடைக் காற்றில் அதன் தூள் வீடுகளில் வந்து படிகின்றது. வைகறையில் ஆயிரக்கணக்கானோர் புகைவண்டியேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். பாட்டன்மார் ஆழத்திற்கு இறங்கினர். பேரப்பிள்ளைகள் தொலைவிற்குச் செல்கின்றனர்.

அண்மையில் அங்குச் சென்றிருந்தேன். துருவேறிய இரும்புக் கோபுரத்தின் அடியில், எதிர்வீட்டாரின் பேரன் என்னை அடையாளம் கண்டு, "ஐயா, வீட்டிற்கு வாருங்கள், உண்டு செல்லலாம்," என்று அழைத்தான். உண்ட பின்பே விடைதந்தான்.

மாணவர்களே! பொன்னின் மாற்றை உரைகல்லில் அறிவர். ஊரின் மாற்றை எங்கே அறிவது? துன்பம் வந்த நாளில் ஒருவர் வாயிலுக்கு மற்றொருவர் செல்வதில் அறியலாம். உங்கள் வீட்டு அணிகலன் ஒன்றைக் காணும்போது, அதனைக் காணாமலே தோண்டி எடுத்த கைகளையும் ஒருகால் நினையுங்கள்.