அருவியில் ஏறிய இருவர்

விளையாட்டு என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன பந்தும் திடலும் ஓட்டப் பந்தயமுமே ஆகும். தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்து ஆடும் வீடியோ விளையாட்டைப் பெற்றோர் பலர் விளையாட்டாகவே எண்ணுவதில்லை. பொழுதைப் பாழாக்கும் பழக்கம் என்றே கருதுகின்றனர். அக்கருத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும், அத்தகைய விளையாட்டு ஒன்றுதான் என் பன்னிரண்டாம் அகவையில் என் குற்றத்தை எனக்கு எடுத்துக் காட்டியது. ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென ஆசிரியர் கேட்டபோது, அதனையே எழுதுவதென முடிவு செய்தேன்.

நான் இப்பள்ளியின் முன்னாள் மாணவன். பள்ளி தோட்டத்துக்குள் இருந்த காலத்தில் பயின்றவன். சுங்கை சிப்புட் வட்டாரத்தில், நாற்புறமும் ரப்பர் மரங்கள் சூழ்ந்திருந்த தோட்டம் எங்களுடையது. மாலை ஆறு மணிக்கு இன்ஜின் ஓடத் தொடங்கினால் லயத்து வீடுகளில் விளக்கெரியும். இரவு பத்து மணிக்கு இன்ஜின் நின்றால் தோட்டம் முழுவதும் இருளில் மூழ்கும்.

1992ஆம் ஆண்டு நான் ஆறாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தேன். அவ்வாண்டின் தொடக்கத்திலேயே அம்மா நோயுற்று வேலைக்குச் செல்ல இயலாமற் போனார். அண்ணன் முந்திய ஆண்டு எஸ்.ஆர்.பி. தேர்வில் தேறியிருந்தார். நான்காம் படிவத்துக்குச் செல்ல வேண்டியவர், அம்மாவின் மரங்களை வெட்டப் புறப்பட்டார். "ஒரு வருஷந்தானே அம்மா, அப்புறம் படிச்சுக்கிறேன்" என்றார். அந்த ஒரு வருடம் முடியவே இல்லை.

அவ்வாண்டுத் தீபாவளிக்கு முன் அண்ணன் ஈப்போவுக்குச் சென்று, யிக் ஃபூங் வணிக வளாகத்துக் கடையொன்றிலிருந்து ஒரு பெட்டியை வாங்கி வந்தார். 'மைக்ரோ ஜீனியஸ்' என்னும் தைவான் நாட்டு விளையாட்டுப் பொறி அது. ஒட்டுப்பால் பொறுக்கிச் சேர்த்த பணத்தையும் ஞாயிற்றுக்கிழமை வேலைக் கூலியையும் அவர் அதற்காகவே ஒதுக்கி வைத்திருந்தார். நான் யூ.பி.எஸ்.ஆர். தேர்வை எழுதி முடித்தமைக்கு அது பரிசு. "ரெண்டு பிடி இருக்கு தம்பி. ஒன்னு உனக்கு, ஒன்னு எனக்கு" என்று சிரித்தார். அவருக்கும் அப்போது பதினாறு அகவைதான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. வேலைக்குப் போகும் அண்ணன், ஆகையால் பெரியவர் என்றே எண்ணியிருந்தேன்.

அப்பொறியின் வரலாற்றைச் சிறிது கூறுவது பொருந்தும். ஜப்பான் நாட்டு நிண்டெண்டோ நிறுவனம் 1983ஆம் ஆண்டில் 'ஃபேமிகாம்' என்னும் விளையாட்டுப் பொறியை வெளியிட்டது. எங்கள் பெட்டி அதே அமைப்பைப் பின்பற்றிச் செய்யப்பட்டது. அதன் நினைவகம் 2 கிலோபைட் மட்டுமே. மாணவர்களே, நீங்கள் இப்போது படிக்கும் இக்கட்டுரையைக்கூட அதற்குள் அடக்க முடியாது! படத்தைச் சிறு சிறு ஓடுகளாகப் பிரித்து, தரையில் ஓடு பதிப்பதுபோல் அடுக்கிக் காட்டும் முறையால்தான் அது காட்டையும் மலையையும் திரையில் நகர்த்தியது. அசையும் உருவங்கள் ஒரே கிடைவரிசையில் எட்டுக்கு மேல் வந்துவிட்டால் அதனால் தாங்க இயலாது. குண்டுகள் மின்மினிபோல் மறைந்து மறைந்து தோன்றும். தொலைக்காட்சி பழுதென்று நாங்கள் அதன் தலையில் தட்டுவோம்!

காட்சி பக்கவாட்டில் நகர, ஆடுபவன் எதிரிகளைச் சுட்டுக்கொண்டே முன்னேறும் விளையாட்டுகள் அக்காலத்தில் பல இருந்தன. அமெரிக்காவின் 'டிஃபெண்டர்', ஜப்பானியக் கொனாமி நிறுவனத்தின் 'ஸ்கிராம்பிள்' ஆகியவை 1981லேயே விளையாட்டுக் கூடங்களில் புகழ் பெற்றவை. அதே கொனாமி 1987ஆம் ஆண்டில் கூடங்களுக்கென வெளியிட்ட 'கொன்ட்ரா', மறு ஆண்டே ஃபேமிகாமுக்கும் வந்தது. எங்கள் பெட்டியுடன் கிடைத்த கேசட்டில் அதுவும் இருந்தது. அதன் சிறப்பு, இருவர் ஒரே திரையில், ஒரே நேரத்தில், தோளோடு தோள் நின்று ஆடலாம் என்பதாகும். நீல நிறக் கால்சட்டை அணிந்த வீரன் நான். சிவப்பு நிறத்தவன் அண்ணன். ஒரு குண்டு பட்டால் ஓர் உயிர் போகும். ஒவ்வொருவருக்கும் மூன்றே உயிர்கள்.

இரவு ஏழரை மணிக்கெல்லாம் எங்கள் வீட்டு முன்னறை நிறைந்துவிடும். பக்கத்து வீட்டுப் பாட்டிகூட வெற்றிலை இடித்துக்கொண்டே, "அதோ வாரான் பாரு, சுடுடா!" என்று கூவுவார். முதற்கட்டம் காடு, இரண்டாங்கட்டம் எதிரியின் பாசறை. மூன்றாங்கட்டமே எங்களுக்கு எமனாக வந்தது. அது ஓர் அருவி.

அங்கே காட்சி பக்கவாட்டில் நகராமல் மேல்நோக்கி நகரும். பாறைக்குப் பாறை தாவி உச்சியை அடைய வேண்டும். மேலிருந்து கற்கள் உருண்டு விழும். எதிரிகள் இருபுறமும் நின்று சுடுவர். இவை யாவற்றினும் கொடியது வேறொன்று. ஒருவன் விரைந்து ஏறினால் அவனோடு திரையும் மேலே ஏறும். கீழே பின்தங்கியவனின் காலடிப் பாறை திரைக்கு வெளியே போய்விடும். அவன் உயிர் போய்விடும். அவனைக் கொல்வது எதிரியின் குண்டன்று, தோழனின் அவசரமேயாகும்.

நான் அவசரக்காரன். அருவியைக் கண்டதும் குரங்குபோல் தாவி ஏறுவேன். அண்ணன் இரண்டு பாறை ஏறுமுன் திரை அவரை விழுங்கிவிடும். கூடியிருந்தோர் நகைப்பர். அந்நகைப்பு எனக்கு இனித்தது.

அந்நாளில் தோழன் ஒருவன் எனக்கு ஓர் இரகசியத்தைச் சொல்லித் தந்தான். விளையாட்டு தொடங்குமுன் மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்று பொத்தான்களை அழுத்தினால் மூன்று உயிர் முப்பதாகும். கசுஹிசா ஹாஷிமோட்டோ என்னும் ஜப்பானியர், தாம் பணியாற்றிய 'கிரேடியஸ்' விளையாட்டின் 1986ஆம் ஆண்டு ஃபேமிகாம் பதிப்பைச் சோதித்துப் பார்க்கையில், அது தமக்கே மிகக் கடினமாக இருந்தமையால் அமைத்துக்கொண்ட குறுக்குவழி அது என்பதைப் பின்னாளில் படித்தறிந்தேன். வாய்ப்பாட்டைவிட விரைவாக அதை மனனம் செய்தேன். அதன் பின் என் அவசரம் இன்னும் பெருகியது. முப்பது உயிர் இருக்கும்போது அண்ணனின் ஓர் உயிர் எனக்கு ஒரு பொருட்டா?

ஓரிரவு, அண்ணன் ஐந்தாம் முறையாக விழுந்தபோது, எல்லாரும் கேட்க நான் சொன்னேன்: "அண்ணனுக்கு விரலே வேலை செய்யல. வேற யாராச்சும் வாங்க!"

அண்ணன் ஒன்றும் பேசவில்லை. பிடியைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்துவிட்டுப் படுக்கச் சென்றார். கதவருகே நின்றிருந்த அப்பா, "லீவுதானே, காலைல என்னோட தீம்பாருக்கு வா" என்று மட்டும் கூறினார்.

விடியுமுன் எழுப்பப்பட்டேன். பெரட்டு முடிந்து, நெற்றி விளக்குகளின் ஒளியில் தீம்பாருக்குள் நடந்தோம். ஈரச் சருகுகள் காலில் ஒட்டின, கொசுக்கள் மொய்த்தன. அப்பா என்னை அண்ணனின் மரங்களுக்கு அருகில் நிறுத்தி, "பேசாம பாரு" என்றார்.

மாணவர்களே, மரம் வெட்டுதல் எளிய தொழிலன்று. பட்டையை மெல்லிய சீவலாகச் சரிவாகச் சீவ வேண்டும். கத்தி ஆழமாகப் பாய்ந்தால் மரத்தில் காயம் படும். புதுப்பட்டை சரியாக வளராது. ஆழம் குறைந்தால் பால் வடியாது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது ஒரு நூலளவே. அந்த நூலளவை, நெற்றி விளக்கின் சிறு வெளிச்சத்தில், மரத்துக்கு மரம் பிசகாமல் அண்ணனின் விரல்கள் கண்டுகொண்டன. கோட்டுப்பாலை இழுத்து, கத்தியை ஓட்டி, மங்கைச் சரிசெய்து அடுத்த மரத்துக்கு அவர் நகர்ந்த வேகத்தில் நான் ஓடித்தான் தொடர முடிந்தது. அந்த விரல்களைத்தான் வேலை செய்யவில்லை என்று நான் சொன்னேன்!

அதன் பின் நான் கண்டதே என் நெஞ்சில் தைத்தது. தம் மரங்களை முடித்த அண்ணன் அமரவில்லை. முதுகுவலியால் பின்தங்கியிருந்த அப்பாவின் நிரைக்குச் சென்று, மறுமுனையிலிருந்து வெட்டிக்கொண்டு வந்தார். இருவரும் நடுவில் சந்தித்தனர். முந்தி முடித்தவர் திரும்பி வந்தார்! அதைப்பற்றி இருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை. நாள்தோறும் அப்படித்தான் என்பது எனக்கு விளங்கியது.

அன்றிரவு அருவிக் கட்டம் வந்தது. நான் முதற்பாறையில் நின்றேன். "ஏறு தம்பி" என்றார் அண்ணன். "நீங்க வாங்கண்ணே" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பின்னர், "ஒன்னு" என்று அவர் சொல்ல ஒரு பாறை. "ரெண்டு" என்று நான் சொல்ல மறுபாறை. அப்பொழுதுதான் மற்றொன்றையும் கவனித்தேன். கீழ்ப்பாறையில் நின்றவாறு அவர் சுட்டவை பெரும்பாலும் என்மீது குறிவைத்த எதிரிகளையே. இத்தனை நாளும் என்னைக் காத்து நின்றமையால்தான் அவர் பின்தங்கினார். அவரைத்தான் நான் விட்டுவிட்டு ஏறினேன்.

உச்சியை அடைந்தோம். இரு நீண்ட கைகளை வீசும் காவல் உருவம் எதிரே நின்றது. பாட்டி வெற்றிலை இடிப்பதை நிறுத்தினார். இருவரும் விடாமல் சுட்டோம். அந்நேரம் பார்த்து மணி பத்தாயிற்று, இன்ஜின் நின்றது, திரை இருண்டது. ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் வசதி அதில் இல்லை. மறுநாள் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆயினும், அந்த இருளில் நாங்கள் இருவரும் சிரித்ததுபோல் அதன் பின் என்றும் சிரித்ததில்லை.

1993ஆம் ஆண்டு தொடக்கத்தில் நான் ஈப்போ பள்ளியொன்றின் புகுமுக வகுப்பில் சேர்ந்தேன். சீருடையும் பேருந்துக் கட்டணமும் அண்ணனின் கூலியிலிருந்து வந்தன. நான் ஏற ஏற, திரையும் ஏறிற்று. சில ஆண்டுகளில் ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டது, லயங்கள் இடிக்கப்பட்டன. அண்ணன் லாரி ஓட்டக் கற்றுக்கொண்டு பட்டணம் வந்தார். மீண்டும் படிக்க அவருக்கு நேரம் வாய்க்கவில்லை. அக்குறையைப் பற்றி அவர் என்னிடம் ஒரு நாளும் பேசியதில்லை.

இப்பொழுது பள்ளி விடுமுறைகளில் அண்ணனின் மகளும் என் மகனும் எங்கள் ஈப்போ வீட்டில் அடுத்தடுத்து அமர்ந்து 'கப்ஹெட்' என்னும் விளையாட்டை ஆடுகின்றனர். சிறுவயதில் ஒன்றாக விளையாடி வளர்ந்த கனடா நாட்டுச் சகோதரர்களான சாட், ஜேரட் மொல்டன்ஹவர் இருவரும் தொடங்கி உருவாக்கி, 2017ஆம் ஆண்டில் வெளியிட்டது அது. 1930ஆம் ஆண்டுகளின் கேலிப்படங்களைப்போல் கையால் வரைந்த சித்திரங்கள் கொண்டது. அதில் ஒருவன் வீழ்ந்தால் அவனுடைய ஆவி மெல்ல மேலே மிதந்து செல்லும். அது திரையை விட்டு மறையுமுன் மற்றவன் தாவித் தொட்டால் தோழன் மீண்டும் உயிர் பெறுவான்.

ஒரு நாள் அண்ணன் நாற்காலியில் அமர்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மகன் எதிரியைச் சுடுவதிலேயே கண்ணாக இருக்க, "என்னைக் காப்பாத்துடா!" என்று அண்ணன் மகள் கூவ, ஆவி மிதந்து மறைந்தது. பெருஞ்சண்டை மூண்டது. அண்ணன் என் பக்கம் திரும்பி, "நம்ம காலத்துல இந்த வசதி இல்லையே தம்பி" என்று சிரித்தார். நான் சிரிக்க முயன்றேன், இயலவில்லை.

அன்பு மாணவர்களே! விளையாடுங்கள், பாடம் முடித்து, பெற்றோர் குறித்த நேரத்துக்குள் விளையாடுங்கள். எங்களுக்கு இன்ஜின் இட்ட கட்டுப்பாட்டை நீங்களே உங்களுக்கு இட்டுக்கொள்ளுங்கள். முகமறியாதவர்களோடு தனியறையில் ஆடுவதைவிட, உடன்பிறந்தவரோடு ஒரே பாயில் அமர்ந்து ஆடுங்கள். பக்கத்தில் இருப்பவர் களைத்திருக்கிறாரா என்பதை அங்கேதான் காண முடியும்.

பெற்றோர்களே, பிள்ளைகள் ஆடுகையில் ஒரு பத்து நிமிடம் அருகில் அமர்ந்து பாருங்கள். எந்தப் பிள்ளை முந்துகிறது, எந்தப் பிள்ளை காத்து நிற்கிறது என்பது உங்களுக்கே தெரியும். காத்து நிற்கும் பிள்ளையை மந்தம் என்று எண்ணிவிடாதீர்கள்.

இப்பள்ளியிலிருந்து உயரச் செல்லவிருக்கும் மாணவச் செல்வங்களே, உங்களையும் யாரோ ஒருவர் கீழ்ப்பாறையில் நின்று காத்துக்கொண்டிருப்பார். ஏறுங்கள், ஆனால், ஒவ்வொரு பாறையிலும் ஒரு கணம் நின்று கீழே பாருங்கள். என் அண்ணனுக்கு நான் பட்ட கடனை இன்னும் அடைத்தேனில்லை. அடைக்கவும் முடியாது. அதனை ஒப்புக்கொள்ளவேனும் இப்பக்கங்கள் எனக்கு இடம் தந்தன.