ஈவுக் குலமும் இரவு ஷிப்டும்



ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தருமாறு அருட்சகோதரி அவர்கள் கேட்டபோது, நான் எம்.எஸ்ஸி. கணிதம் படித்த கதையையே எழுதலாமென்று தோன்றிற்று. கணிதத்தை மேற்படிப்பாக எடுக்க எண்ணியிருப்போருக்கு இது பயன்படலாம். மற்றவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

1986-இல் கோவையில் ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். பாரதியார் பல்கலைக்கழகம் தொடங்கி அப்போது நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. நம் பள்ளியில் கணக்கென்றால் எனக்கு நூற்றுக்கு நூறுதான். அந்தக் கர்வத்தோடு வகுப்பில் அமர்ந்தால், கரும்பலகையில் எண்களையே காணோம்! இயற்கணிதத்துக்கு ஹெர்ஸ்டீன், பகுப்பாய்வுக்கு ரூடின், இடத்தியலுக்கு சிம்மன்ஸ் என்று தடித்த ஆங்கில நூல்கள். இடத்தியலில் ஒரு கணம் ஒரே சமயத்தில் திறந்ததாகவும் மூடியதாகவும் இருக்கலாமாம். (எங்கள் வகுப்பறைக் கதவும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது.)

புரியாததை என்ன செய்வது? மனப்பாடம் செய்தேன். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, நிரூபணங்களைச் செய்யுள்போல் ஒப்பித்தேன். ஒருநாள் பேராசிரியை, "ஈவுக் குலத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்" என்றார். நான் எழுந்து வரையறையை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தேன். "வரையறை புத்தகத்திலேயே இருக்கிறது. எடுத்துக்காட்டு?" என்றார். வாய் திறக்கவில்லை. அந்தத் தேர்வில் 100-க்கு 27 வாங்கினேன்.

வீட்டில் பெரியப்பா வேறு, "பொட்டப் புள்ளைக்கு பி.எஸ்ஸி. பத்தாதா?" என்று கேட்டுக்கொண்டிருந்த சமயம். அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. என் கட்டணத்துக்காகத் தீபாவளி போனஸை அப்படியே எடுத்து வைத்திருந்தார். அதைக் கட்டுமுன் படிப்பை நிறுத்திவிடலாமென்றே முடிவு செய்தேன்.

அன்றிரவு அம்மா அடுப்படியில் அமர்ந்து விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். பங்குனியில் சித்தி மகள் கல்யாணம். அதற்குச் சரியாக இருபது வாரம். அப்பாவுக்கு அந்த வாரம் எந்த ஷிப்டு என்பதுதான் கணக்கு. ஆலையில் முதல் ஷிப்டு, இரண்டாம் ஷிப்டு, இரவு ஷிப்டு என்று வாரம் ஒன்றாக மாறும். இப்போது முதல் ஷிப்டு. "இருவது வாரத்தையுமா எண்ணறே?" என்றேன். "எதுக்கு அம்மிணி? மூணு வாரத்துக்கு ஒருக்கா பழையபடி வந்துருமல்லோ? பதினெட்டைத் தள்ளிப்போடு, மிச்சம் ரெண்டு. ராத்திரி ஷிப்டுதான்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூன்றின் மடங்குகளையெல்லாம் பூச்சியமாகக் கருதித் தள்ளிவிட்டால், 20-ம் 5-ம் 2-ம் ஒன்றே. முடிவில்லாத முழு எண்கள் மூன்றே உறுப்புகளாகச் சுருங்கிவிடுகின்றன. நான் ஒப்பித்த ஈவுக் குலம் இதுவேதான்! மூன்றாம் வகுப்போடு நின்ற என் அம்மா அதை அடுப்படியில் வைத்திருந்தார்.

மறுநாள் பேராசிரியையிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "இனி ஒவ்வொரு தேற்றத்துக்கும் இப்படி ஒன்று தேடு. பிறகு அதிலுள்ள ஒரு நிபந்தனையை எடுத்துவிட்டு, எங்கே உடைகிறதென்று பார்" என்றார். அப்படியே ஒரு நோட்டுப் போட்டேன். மூடிய இடைவெளியில் தொடர்ச்சியான சார்பு சீரான தொடர்ச்சியும் உடையது என்பது பகுப்பாய்வில் ஒரு தேற்றம். 0, 1 என்னும் முனைகளை நீக்கிவிட்டு, 1-ஐ x-ஆல் வகுக்கும் சார்பை எடுத்தேன். பூச்சியத்தை நெருங்க நெருங்க அது தறிகெட்டு மேலேறியது, தேற்றம் உடைந்தது. 'மூடிய' என்ற ஒரு சொல் அங்கே ஏன் இருக்கிறதென்று அன்றுதான் விளங்கிற்று. ஒரு பக்கத்துக்கு மூன்று நாள் பிடித்தது உண்மை. ஆனால் அந்தப் பக்கம் இன்றும் மறக்கவில்லை.

அருட்தந்தை ரசீன் அவர்களைப் பற்றியும் அவரே சொன்னார். பாரிசில் எலி கார்த்தான் என்னும் மேதையிடம் பயின்ற இந்த இயேசு சபைக் குரு, 1937-இல் தமிழகம் வந்தார். திருச்சியிலும், பின்னர் சென்னை லயோலாக் கல்லூரியிலும் கற்பித்தார். பழைய பாடத்திட்டத்துக்கு அப்பாலிருந்த நவீன கணிதத்தை மாணவருக்குக் காட்டியவர் அவர். அவரிடம் பயின்ற சேஷாத்ரியும் நரசிம்மனும் 1953-இல் பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார்கள். 1965-இல் அவர்கள் வெளியிட்ட தேற்றம் இருவர் பெயராலும் உலகெங்கும் வழங்குகிறது. எனக்கு அதன் கூற்றைப் புரிந்துகொள்ளவே பல ஆண்டுகள் ஆயின என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த தேர்வில் 61. பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. போனஸ் பணம் கட்டணமாயிற்று.

பங்குனிக் கல்யாணத்துக்கு அப்பா இரவு ஷிப்டு முடிந்து, சட்டையில் பஞ்சோடு நேரே மண்டபத்துக்கு வந்தார். முகூர்த்தம் முடியும்வரை விழித்திருந்தவர், பந்தியில் இலை போடுவதற்குள் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார்.