கொன்றவர்கள் இல்லாத வாக்கியம்

லூயிசியானா மாநிலத்தில் ரெட் ரிவர் என்ற ஆற்றின் கரையில் கோல்ஃபாக்ஸ் என்று ஒரு ஊர். ஜனத்தொகை ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு. கிராண்ட் பாரிஷ் என்ற நிர்வாகப் பகுதிக்குத் தலைநகர். தாலுகாக் கச்சேரி உள்ள ஒரு கிராமம் என்று வைத்துக்கொண்டால் அளவு பிடிபடும். நான் அந்த ஊரைப் பார்த்ததில்லை. பார்க்கப் போவதாகவும் தோன்றவில்லை. ஆனால் அங்கே கோர்ட்டுக்கு அருகில் 1950இல் மாநில அரசு நட்டு, 2021 மே மாதம் வரை நின்றிருந்த ஒரு உலோகப் பலகையின் இரண்டு வாக்கியங்களோடு சென்ற மழைக்காலம் முழுவதும் மாரடித்தேன். மொழிபெயர்ப்புக்காகத்தான். நண்பர் ஒருவர் தம் பத்திரிகைக்கு, ‘பொது இடங்களில் உள்ள எழுத்து’ என்ற தலைப்பில், ஊருக்கு ஒன்றாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வாய்த்தது இது:

“மூன்று வெள்ளையரும் 150 நீக்ரோக்களும் கொல்லப்பட்ட கோல்ஃபாக்ஸ் கலவரம் இவ்விடத்தில் நிகழ்ந்தது. 1873 ஏப்ரல் 13ஆம் நாளின் இந்நிகழ்ச்சி தெற்கில் ஜமக்காளப்பைக்காரர்களின் தீயாட்சி முடிவுற்றதைக் குறித்தது.”

ஜமக்காளப்பை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தபின் வடக்கிலிருந்து தெற்கே வந்து அரசியலிலும் வியாபாரத்திலும் புகுந்தவர்களுக்குத் தெற்கத்தி வெள்ளையர் வைத்த வசவுப் பெயர் அது. ஜமக்காளத் துணியில் தைத்த மலிவான பிரயாணப் பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு பிழைக்க வந்தவன் என்று பொருள். ஒரு அரசாங்கம் தன் செலவில், வெயிலுக்கும் மழைக்கும் தாங்கும் உலோகத்தில், ஒரு வசவை வார்த்து நட்டிருக்கிறது.

நடந்தது என்ன என்பதில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. விசாரணை நடந்திருக்கிறது, சாட்சியங்கள் இருக்கின்றன, 2008இல் மட்டும் லீஆனா கீத் ஒன்று, சார்லஸ் லேன் ஒன்று என்று இரண்டு புத்தகங்கள் வந்தன. 1872 நவம்பர் தேர்தலில் லூயிசியானாவில் இரு தரப்பும் தாங்களே ஜெயித்ததாகச் சொல்லி, மாநிலத்துக்கு இரண்டு கவர்னர்கள், கிராண்ட் பாரிஷுக்கு இரண்டு ஜட்ஜுகள், இரண்டு ஷெரீஃப்கள் என்று ஆயிற்று. குடியரசுக் கட்சிப் பக்கம் நின்ற கறுப்பர்கள், அநேகமாகப் பத்து வருஷத்துக்கு முன்வரை அடிமைகளாயிருந்தவர்கள், கோல்ஃபாக்ஸ் கோர்ட்டைத் தம் வசம் வைத்துக்கொண்டு காவலிருந்தார்கள். கோர்ட் என்றால் தூண்களும் படிக்கட்டும் நினைவுக்கு வரவேண்டாம். ஒரு தோட்ட முதலாளியின் குதிரை லாயத்தைத் திருத்திக் கோர்ட் ஆக்கியிருந்தார்கள். சுற்றிலும் தற்காப்புக்குக் குழி வெட்டியிருந்தார்கள். ஏப்ரல் 5ஆம் தேதி ஜெஸி மெக்கின்னி என்ற கறுப்பர், தன் வீட்டு வேலியைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தவர், சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பின் பயந்த குடும்பங்களும் கோர்ட்டைச் சுற்றி வந்து சேர்ந்தன.

ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறு. கிறிஸ்டபர் கொலம்பஸ் நாஷ் (இந்தப் பெயரை நான் கதையில் வைத்திருந்தால் குறியீட்டை வலிந்து திணிக்கிறேன் என்று இந்த வட்டத்திலேயே சிலர் எழுதுவார்கள்) என்பவர், மறு தரப்பின் ஷெரீஃப், குதிரைகளில் வெள்ளையர் படையொன்றையும் ஒரு சிறு பீரங்கியையும் கொண்டுவந்தார். பெண்களும் குழந்தைகளும் வெளியேற அரைமணி அவகாசம் கொடுத்தார். பிறகு சண்டை. பீரங்கியைப் பக்கவாட்டில் நகர்த்திச் சுட்டபோது குழிகளில் இருந்தவர்கள் சிதறினார்கள். சிலர் ஆற்றுப் பக்கம் ஓடினார்கள், பலர் கோர்ட்டுக்குள். கூரைக்குத் தீ வைத்தார்கள். வெளியே வந்தவர்களையும் சரணடைந்தவர்களையும் சுட்டார்கள். கைதிகளாகப் பிடித்து வைத்தவர்களை அன்றிரவு அழைத்துப்போய்ச் சுட்டார்கள். இறந்தவர்களில் பலர் தாங்கள் வெட்டிய தற்காப்புக் குழிகளிலேயே புதைக்கப்பட்டார்கள். எத்தனை பேர் என்பதில் 62இலிருந்து 153 வரை மதிப்பீடுகள் இருக்கின்றன. ஆற்றில் போட்ட உடல்களுக்குக் கணக்கு கிடையாது.

இப்போது பலகையின் வாக்கியத்துக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த வேலை அதுதான்.

மூன்று முதலில் வருகிறது, 150 பிறகு வருகிறது. அகர வரிசையும் இல்லை, எண்ணிக்கை வரிசையும் இல்லை. பந்தியில் யாரை முதலில் உட்காரவைப்பது என்ற வரிசை. 150 என்ற எண் இன்னொரு விஷயம். கொலை செய்த தரப்பு வழக்கமாக எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லும். இங்கே ஆராய்ச்சியாளர்களின் மதிப்பீடுகளின் மேல்விளிம்பில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். ஏனென்று கொஞ்சநாள் புரியவில்லை. பிறகு, மூன்றுக்கு எதிரே 150 என்று திரும்பப் படித்தபோது, வேட்டையிலிருந்து திரும்பியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து சொல்லும் குரல் அதில் கேட்டது. துக்கத்துக்காகச் சொன்ன எண்ணாக இருந்தால் அடுத்த வாக்கியம் ‘தீயாட்சி முடிவுற்றது’ என்று நிம்மதிப் பெருமூச்சு விட்டிருக்காது.

சிக்கல் வினையில். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் இருப்பது ‘ஸ்லேன்’ என்ற சொல். கொஞ்சம் பழைய, பைபிள் வாசனையுள்ள, கவிதைக்கு ஆகிவந்த சொல். செயப்பாட்டு வினையில் வருவதால் செய்தவனைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் வாக்கியம் பூர்த்தியாகிவிடுகிறது. தமிழின் சுபாவம் வேறு. ‘கொன்றார்கள்’ என்று மட்டும் எழுதி எழுவாயை விட்டுவிட்டாலும், செய்தவர்கள் விகுதியில் ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். யார் என்று தெரியாமல் போகலாம். ஆட்கள் இருந்தார்கள் என்பது மறையாது. மறைக்க வேண்டுமென்றால் தமிழில் இரண்டு வழிதான். ‘கொல்லப்பட்டனர்’ என்று எழுதி விகுதியைச் செத்தவர் பக்கம் திருப்பிவிடலாம். அல்லது பெயரெச்சமாக்கி, ‘கொல்லப்பட்ட கலவரம்’ என்று விகுதியையே தின்றுவிடலாம். பெயரெச்சத்துக்கு வாலில் ஆளே கிடையாது. பலகைக்கு மிக விசுவாசமான மொழிபெயர்ப்பு இந்த இரண்டாவதுதான் என்று கண்டுகொள்ள எனக்கு மூன்று வாரம் பிடித்தது. கண்டுகொண்ட அன்று சந்தோஷமாயில்லை. ஒரு பொய்யைத் தமிழிலும் அதே லாகவத்தோடு சொல்ல முடிகிறது என்பது, மொழியை நேசிக்கிறவனுக்குப் பெருமைப்படக்கூடிய தகவல் அல்லவே.

நண்பர், “நீங்கள் ‘கொன்றார்கள்’ என்றே போடுங்கள், உண்மை அதுதானே” என்று எழுதினார். நான் மறுத்துவிட்டேன். மொழிபெயர்ப்பாளன் பலகையைத் திருத்தினால் அதன் குற்றத்துக்கு அவனே சாட்சியை அழித்தவன் ஆகிறான். எங்கள் கடிதச் சண்டை இங்கிருந்துதான் ஆரம்பித்தது.

வழக்கின் கதையைத் தெரிந்துகொண்டால் இந்தச் செயப்பாட்டு வினையின் உள்ளர்த்தம் இன்னும் விரிகிறது. 97 பேர் மீது குற்றச்சாட்டு. ஒன்பது பேர்தான் விசாரணைக்கு வந்தார்கள். மூன்று பேருக்குத் தண்டனை. கொல்லப்பட்ட அலெக்ஸாண்டர் டில்மன், சுடப்பட்டும் பிழைத்து வந்து சாட்சி சொன்ன லீவை நெல்சன் ஆகிய இருவரின் உரிமைகளைப் பறிக்கச் சதி செய்தார்கள் என்பது குற்றம். அந்த மூன்று தண்டனைகளையும் 1876 மார்ச்சில் அமெரிக்க உச்சநீதிமன்றம் தள்ளிவிட்டது. தலைமை நீதிபதி வெய்ட்டின் தீர்ப்பில் பல நுணுக்கங்கள் உண்டு. எனக்கு விளங்கிய சாரம்: அரசியல் சாசனத்தின் பதினான்காவது திருத்தம் மாநில அரசுகளைத்தான் கட்டுப்படுத்தும், தனிமனிதர்களை அல்ல. இது தனிமனிதர்கள் செய்தது, மாநிலம் செய்யவில்லை. ஆகவே மத்தியச் சட்டம் இங்கே பாயாது. மாநிலம் அவர்களை விசாரித்துக்கொள்ளட்டும். மாநிலம் விசாரித்துத் தண்டிக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆக 1876இல், செய்தவர்கள் தனிமனிதர்கள், அரசுக்குச் சம்பந்தமில்லை. 74 வருஷம் கழித்துப் பலகையில் அந்தத் தனிமனிதர்கள் காணாமல் போகிறார்கள். பலகையின் அடியில் கையொப்பம் போல லூயிசியானாவின் வணிக, தொழில்துறையின் பெயர் நிற்கிறது. கோர்ட்டில் சம்பந்தமில்லை என்று விலக்கிவைக்கப்பட்ட அதே மாநிலம், ஆற அமர வந்து ரசீதில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. அதுவும் சரித்திரத் துறை வழியாகக்கூட இல்லை, வணிகத் துறை. டூரிஸ்டுகளுக்காக.

இரண்டாவது வாக்கியம் சரித்திரப்படியும் தப்பு. 1873இல் எதுவும் முடிவுறவில்லை. குடியரசுக் கட்சி கவர்னர் கெல்லாக் 1877 வரை பதவியில் இருந்தார். கோல்ஃபாக்ஸ் முடிவல்ல, செய்முறை விளக்கம். மறு வருஷமே ‘ஒயிட் லீக்’ என்ற ஆயுத அமைப்பு அந்தப் பக்கங்களில் தோன்றியது. 1874 செப்டம்பரில் நியூ ஆர்லியன்ஸில் தெருச்சண்டை நடத்திச் சில நாட்களுக்கு அரசாங்கத்தையே கைப்பற்றியது.

ஊரின் இடுகாட்டில் இன்னொரு கல் இருக்கிறது. 1921இல் நட்டது. உச்சி கூர்த்த சலவைக்கல் தூண். ஹேட்நாட், பேரிஷ், ஹாரிஸ் என்று அந்த மூன்று வெள்ளையரின் பெயர் அதில் உண்டு. கோல்ஃபாக்ஸ் கலவரத்தில் வெள்ளையர் மேலாதிக்கத்துக்காகப் போரிட்டு வீழ்ந்த வீரர்கள் என்று நேராகவே எழுதியிருக்கிறது. நடுகல் மரபில் பழகிய நமக்குப் பாவனை புதிதில்லை. எதற்காக வீழ்ந்தான் என்று சொல்ல வேண்டும், சொல்லியிருக்கிறது. (மூவரில் ஒருவராவது தம் பக்கத்துத் துப்பாக்கிக்கே பலியாகியிருக்கலாம் என்று சில ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். கல் அதையெல்லாம் கவனிப்பதில்லை.) இந்தக் கல்லை நான் வெறுக்கிறேன், ஆனால் அதன் உரைநடையில் குற்றம் காண முடியவில்லை. 1921இல் வாய்விட்டுச் சொல்ல முடிந்ததை 1950இல் இலக்கணத்துக்குள் ஒளித்துவைக்க வேண்டியிருந்தது. இந்த இடைவெளியை முன்னேற்றம் என்று சிலர் சொல்லக்கூடும். வெட்கம் வருவதற்கு முன்னால் சாமர்த்தியம் வந்துவிடுகிறது என்று எனக்குப் படுகிறது.

இந்த மாதிரிக் கற்களை ஊர்க்காரர்கள் படிப்பதே இல்லை என்று ஒரு சமாதானம் உண்டு. ஃபாக்னரைப் படித்தவர்களிடம் அது செல்லாது. ‘தி சவுண்ட் அண்ட் த ஃப்யூரி’யின் கடைசியில், புத்தி வளராத பென்ஜியை வண்டியில் அழைத்துப் போகும் பையன், சதுக்கத்துப் போர்வீரன் சிலைக்கு வழக்கமான பக்கம் போகாமல் மறுபக்கம் திருப்பிவிடுகிறான். அவ்வளவுதான். பென்ஜி அலறுகிறான். வண்டியை மறுபடி வழக்கமான பக்கம் திருப்பியபின்தான் அடங்குகிறான். பென்ஜிக்கு எழுத்து தெரியாது. சிலை படிக்கப்படுவதற்காக இல்லை, எந்தப் பக்கமாகப் போவது என்று உடம்புக்குப் பழக்கிவிடுவதற்காக இருக்கிறது. 71 வருஷம் கோல்ஃபாக்ஸ் கோர்ட்டுக்கு ஜாமீனுக்கும் பத்திரத்துக்கும் வந்து போன கறுப்பர்கள் அந்தப் பலகையின் எந்தப் பக்கமாக நடந்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

2021இல் பலகையைக் கழற்றிவிட்டார்கள். நண்பருக்கு ஆனந்தம். எனக்கு ஒரு குமாஸ்தாவின் சங்கடம். பாங்கில் சேர்ந்த புதிதில் ஓய்வு பெறவிருந்த ஒரு பெரியவர் கற்றுக்கொடுத்தது: தப்பான தொகையைச் சுரண்டாதே, வெள்ளை பூசாதே. ஒரு கோடு போட்டு அடி, மேலே சரியானதை எழுது, இனிஷியல் வை. அடித்த தொகை அடியில் தெரிய வேண்டும். இப்போது லெட்ஜர் போய்க் கம்ப்யூட்டர் வந்தும் விதி மாறவில்லை; தப்புப் பதிவை நீக்க முடியாது, எதிர்ப்பதிவு போட வேண்டும், ஸ்டேட்மெண்டில் இரண்டும் வரும். பலகையை அங்கேயே விட்டு, அதன் குறுக்கே ஒரு கோடு போட்டிருக்கலாமே என்றேன்.

நண்பர் பதிலுக்கு நியூ ஆர்லியன்ஸை எடுத்தார். 1874 தெருச்சண்டைக்கு அங்கே 1891இல் வைத்த ஸ்தூபியில் 1932இல் வெள்ளையர் மேலாதிக்கத்தைப் புகழ்ந்து வாசகம் பொறித்தார்கள். 1974இல் நகரசபை, அதில் உள்ள கருத்துகள் இன்றைய நியூ ஆர்லியன்ஸுக்கு உரியவை அல்ல என்று பக்கத்தில் ஒரு பலகை வைத்தது. 1993இல் பழைய வாசகத்தை மறைத்துப் புதிய வாசகம். 2017 ஏப்ரலில், இருட்டோடு இருட்டாக, முகத்தை மூடிய ஆட்களை வைத்துத் தூக்கிப்போனார்கள். “உங்கள் கோடும் இனிஷியலும் அங்கே எத்தனை தடவை போட்டாயிற்று, பாருங்கள்” என்று எழுதினார். “லெட்ஜர் பாங்குக்குள் இருக்கிறது, குமாஸ்தா திறந்தால்தான் திறக்கும். பலகை தெருவில் நிற்கிறது. அதன் முன்னால் தினமும் நடக்கிறவனிடம் கோட்டின் அடியில் இருப்பதையும் படித்துக்கொள் என்று சொல்ல நீங்கள் யார்?” கடைசி வரிக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. என் அபிப்பிராயத்தையும் நான் கைவிடவில்லை.

நம் பக்கத்தில் இதற்கு இணை சொல்லுங்கள் என்றும் கேட்டார். சொல்லமாட்டேன். படிக்கிறவர்களுக்கு இதற்குள் தானாகவே வந்திருக்கும். நான் சொன்னால் கோல்ஃபாக்ஸ் ஒரு உவமானமாகிவிடும். அங்கே செத்தவர்கள் நம் உவமைக்காகச் சாகவில்லை.

2023 ஏப்ரல் 13, 150ஆவது வருஷம், கோல்ஃபாக்ஸில் ஒரு புதிய கறுப்புக் கிரானைட் நினைவுச் சின்னத்தைத் திறந்தார்கள். முன்கை எடுத்தவர்களில் ஒருவர் வேலி கட்டிக்கொண்டிருந்த ஜெஸி மெக்கின்னியின் வழிவந்தவர். மற்றொருவர் கொல்ல வந்த கூட்டத்தில் ஒருவரின் வழிவந்தவர். கல்லில் படுகொலை என்ற சொல் இருக்கிறது. தெரிந்தமட்டில் இறந்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. பெயர்கள் வரிசையாக, வினை எதுவும் இல்லாமல். அதன் படத்தை நண்பர் அனுப்பி, “இதை மொழிபெயருங்கள்” என்று எழுதியிருந்தார். ஒவ்வொரு பெயரையும் எப்படி உச்சரிப்பார்கள் என்று விசாரித்து, தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்னும் முடியவில்லை.